என்ஜின் போனால் விற்கிறோம், வயரிங் நனைந்தால் வைத்துக்கொள்கிறோம்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் கார் நிறுத்துமிடமாகிப் போனது. பயந்த அளவுக்கு மழை பெய்யவில்லை. ஆனாலும் காரைக் கொண்டுபோய்ப் பாலத்தில் ஏற்றியவர்களைப் பார்த்து அந்த வட்டாரத்தில் யாரும் சிரிக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் வடிந்தபின் ரெக்கவரி வண்டிக்காக நாள்கணக்கில் காத்துக் கிடந்த ஊர் அது.

அப்படி மாட்டிக்கொண்ட வீடுகளில் அடுத்த ஒரு மாதத்துக்கு ஒரே பேச்சுதான் ஓடும். சரி பண்ணலாமா, தள்ளிவிடலாமா? வெள்ளம் எட்டிப் பார்க்காத ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு. கூலண்ட் ஒழுகுவதைக் கவனிக்காமல் பைபாஸில் ஓட்டிப்போய் என்ஜினை சீஸ் ஆக்கியவர் இருப்பார். டைமிங் பெல்ட் அறுந்து நடுரோட்டில் நின்றவர் இருப்பார். சர்வீஸ் சென்டர்காரர் எஸ்டிமேட்டை நீட்டுவார். கூட வந்த மைத்துனர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு மேல இதுல ஒத்தப் பைசா போடாதீங்க மச்சான்” என்பார். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

தீர்ப்பு பெரும்பாலும் தலைகீழாக வருகிறது என்பதுதான் சிக்கல். என்ஜின் போனது என்றதும் காரையே கைகழுவுகிறார்கள். அதே நேரத்தில், டேஷ்போர்டு வரை தண்ணீரில் நின்ற கார் ஒருவழியாக ஸ்டார்ட் ஆகிவிட்டால், “ஒண்ணும் ஆகல” என்று சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஓட்டத் தொடங்குகிறார்கள். உண்மையில் என்ஜின் என்பது இரும்பும் அலுமினியமும். அளக்கலாம், கடையலாம், உடைந்த பாகத்தை மாற்றலாம், மொத்தமாகவே தூக்கிவிட்டு வேறொன்றை உட்கார வைக்கலாம். கார் முழுக்க நரம்பாக ஓடும் வயரிங்கும், கார்ப்பெட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் கணினிப் பெட்டிகளும் அப்படி இல்லை. அவை நனைந்தால் என்ன கெட்டது என்று தெரியவே மாதக்கணக்கில் ஆகும்.

முதலில் என்ஜின் கதை. வெள்ளத்தில் என்ஜின் சாகும் விதம் எளிமையானது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. காற்றை இழுக்கும் குழாய் வழியே தண்ணீர் உள்ளே போய், ஒரு சிலிண்டரில் நிற்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால், ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். விட்டுக்கொடுப்பது பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடு. அது வளையும். வேகமாக ஓடிய என்ஜின் என்றால் உடைந்து பிளாக்கையே குத்திக்கொண்டு வெளியே வரும். ஹைட்ரோஸ்டேடிக் லாக் என்று இன்சூரன்ஸ்காரர்கள் எழுதுவது இதைத்தான்.

இதில் காரின் சொந்தக்காரர் கையில் இருப்பது ஒரே ஒரு விஷயம்: சாவி. நிறுத்தி வைத்த இடத்திலேயே மூழ்கிய கார் என்றால், ஸ்டார்ட் செய்யாதவரை உள்ளே இருக்கும் ராடு எதுவும் வளைந்திருக்காது. தண்ணீர் வடிந்ததும் ஆவலில் ஒரு தடவை திருப்பிப் பார்க்கிறார்களே, அந்த ஒரு தடவைதான் சில ஆயிரத்தில் முடிய வேண்டியதை லட்சத்தில் கொண்டுபோய் விடுகிறது. விவரம் தெரிந்த மெக்கானிக் சாவியைத் தொடவே மாட்டார். பேட்டரி ஒயரைக் கழற்றுவார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து காகிதம் நனைந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். டிப்ஸ்டிக்கை உருவுவார், ஆயில் பால் ஊற்றிய காபி மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனரை மாட்டிக் கையால் சுற்றுவார். சுற்றினால் பாதி நிம்மதி.

மீதிப் பாதிக்குத்தான் சிலர் அவசரப்படுகிறார்கள். லேசாக வளைந்த ராடோடு என்ஜின் ஓடும். வாரக்கணக்கில்கூட ஓடும். அப்புறம் ஒருநாள் நெடுஞ்சாலையில் உடையும். அதனால் கம்ப்ரெஷன் டெஸ்ட் அவசியம். பிளக் துளை வழியே சின்னக் கேமராவை விட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. ராடு கொஞ்சம் குட்டையானால் பிஸ்டன் உச்சிவரை வராது. சிலிண்டர் சுவரின் மேல்விளிம்பில் வழக்கமாகப் படியும் கரி வளையம், அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் மற்றவற்றைவிடப் பட்டையாகத் தெரியும். நான்கு துளைகளிலும் பார்க்க அதிக நேரம் ஆகாது. இதைச் செய்யாமல் எழுதிய எஸ்டிமேட்டுக்கு மதிப்பு கொடுக்க வேண்டியதில்லை.

“என்ஜின் போச்சு” என்று ஒரே வாயில் சொல்லப்படுவதற்குள் வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. சூடேறிப் போன என்ஜினில் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கும், அலுமினிய ஹெட் கோணியிருக்கும். ஹெட்டை இறக்கி, லேத் பட்டறையில் சமப்படுத்தி, புது கேஸ்கெட் போட்டால் முடிந்தது. டைமிங் பெல்ட் அறுந்து வால்வு வளைந்ததும் மேல்பகுதி வேலையே. கீழ்ப்பகுதி, அதாவது கிராங்க், பேரிங், ராடு, சிலிண்டர் சுவர் ஆகியவை அடிபட்டால்தான் என்ஜினை மொத்தமாக இறக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் லேத் வேலை பொதுவாகக் கிடையாது. பாகத்தை மாற்றுவதுதான் அவர்கள் முறை. பாகம் என்றால் சில நேரம் என்ஜின் அசெம்பிளி முழுதும். அவர்கள் தாளில் எழுதும் தொகை அவர்களுடைய முறைக்கான விலை. காரின் நோய்க்கான விலை அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இதைச் சொல்வதால் தெருமுனைப் பட்டறைகளுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். “ஃபுல் என்ஜின் வேலை” என்று பணம் வாங்கிக்கொண்டு ரிங்கையும் பேரிங்கையும் மட்டும் மாற்றி அனுப்பிய பட்டறைகள் எல்லா ஊரிலும் உண்டு. கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கொடு, சிலிண்டர் அளவை எழுதிக் கொடு, ரீபோர் செய்த லேத் பட்டறையின் பில்லைக் காட்டு என்று கேட்டால் நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரிடம் வண்டியை விடாமல் இருப்பது நல்லது.

என்ன என்ஜின் என்பதும் முக்கியம். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ எனப் பல கார்களில் வந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் என்ஜினை எடுத்துக்கொள்ளலாம். பி.எஸ்.6 விதி வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆனால் டாக்சியாகத் தேய்ந்த டிசையர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கைகள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்த என்ஜினைப் பிரித்துக் கட்டத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டாம். அதே நேரத்தில், இந்தியாவில் சில ஆயிரம் மட்டுமே விற்ற ஒரு வெளிநாட்டு மாடலுக்குப் பிஸ்டன் செட் தேடுவது தனி வாழ்க்கை.

சந்தை விலையைவிடப் பழுதுச் செலவு அதிகமா என்று பார்ப்பதுதான் எல்லோரும் சொல்லும் அளவுகோல். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஏமாற்றும். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகரில் உருவான ஈகோஸ்போர்ட்டுக்கு அன்று ராத்திரி எந்தப் போல்ட்டும் கழன்று விழவில்லை. பாகங்களும் சர்வீஸும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. ஆனாலும் வாங்க வருகிறவர் விலையைக் குறைத்துக் கேட்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சந்தை விலை என்பது மற்றவர்களின் பயத்தையும் சேர்த்துச் சொல்லும் எண். காரை வைத்து ஓட்டப் போகிறவருக்கு அந்தப் பயத்தால் நஷ்டமில்லை.

விற்கத்தான் போகிறேன் என்பவருக்குமே வேறு கணக்கு ஒன்று இருக்கிறது. ஏழு வயது ஹேட்ச்பேக் ஒன்று, என்ஜின் செத்த நிலையில் 90,000 ரூபாய்க்குக் கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடும் நிலையில் அதே கார் மூன்றரை லட்சம் போகும். வேலைக்கு 1,40,000 ஆகும். இரண்டு நிலைகளுக்கும் இடையே இருப்பது 2,60,000. செலவு அதைவிடக் குறைவு. ஆக, விற்பதாக இருந்தாலும் சரி செய்துவிட்டு விற்பதே லாபம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் செத்த என்ஜினோடு நிற்கும் காரைப் பாதி மனசோடு அள்ளிப் போக வரும் புரோக்கர் இந்தக் கணக்கைத்தான் தன் தலைக்குள் போட்டுக்கொண்டு வருகிறார். சொந்தக்காரர் மட்டும் ஏன் போடாமல் இருக்க வேண்டும்?

புதுக் காரின் விலையையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 9 லட்ச ரூபாய் கார் என்றால், 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட தமிழ்நாட்டு ஆயுள் வரி 13 சதவீதம். அதாவது 1,17,000 ரூபாய் அரசுக்குப் போகிறது, திரும்பி வராது. இன்சூரன்ஸ் கம்பெனிகளின் அட்டவணையே இரண்டாவது ஆண்டில் காரின் மதிப்பில் 20 சதவீதத்தைக் கழித்துவிடுகிறது, அது 1,80,000. இரண்டும் சேர்ந்து மூன்று லட்சத்துக்கு 3,000 ரூபாய்தான் குறைவு. கடன் வட்டியும், புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டிய மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸும் இதில் வரவில்லை. 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது நல்ல செய்திதான். ஆனால் புதுசு மலிந்தால், மாற்றுக்குக் கொடுக்கும் பழசும் சேர்ந்தே மலியும். ஒன்றரை லட்சம் செலவுக்கு மலைத்துப்போய் ஷோரூமுக்குள் நுழைகிறவர், அதைப்போல இரண்டு மடங்கை இரண்டு வருஷத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இழக்கிறார்.

இனி இன்சூரன்ஸ். வெள்ளச் சேதம் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலேயே அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்து என்ஜின் உள்ளே உடைந்தால், அது நேரடிச் சேதம் இல்லை, விளைவாக வந்த சேதம் என்று சொல்லிக் கையை விரிப்பது வழக்கம். தண்ணீருக்குள் நின்ற காரை ஸ்டார்ட் செய்தீர்களா என்று முதல் கேள்வியாகக் கேட்பது இதற்காகத்தான். என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் மட்டுமே பேச்சு வேறு மாதிரி போகும். அப்போதும் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் கவர் இல்லாத, ஐந்திலிருந்து பத்து வயதுக்குட்பட்ட காருக்கு உலோகப் பாகங்களில் 40 சதவீதத்தைச் சொந்தக்காரர் தலையில் கட்டுவார்கள். பாலிசியைப் புதுப்பிக்கும்போது போனில் பேசும் பையன் தள்ளுபடியைப் பற்றி மூன்று தடவை சொல்வான். இந்த 40-ஐப் பற்றி மூச்சு விட மாட்டான்.

பழுதுச் செலவு ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். ஐ.டி.வி. 4 லட்சம் என்றால் கோடு 3 லட்சத்தில் இருக்கிறது. கம்பெனிக்கு எந்தப் பக்கம் லாபமோ அந்தப் பக்கம் எஸ்டிமேட் சாயும் என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். எல்லா நேரமும் அது நியாயமான சந்தேகம் இல்லை. இருந்தாலும் சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, எந்தெந்தப் பாகம் மாற்ற, எந்தெந்தப் பாகம் காயவைத்துப் போட என்று எழுதியிருக்கிறார் என வரிக்கு வரி படித்தே ஆக வேண்டும். அந்தக் கடைசி வகையில்தான் விவகாரம் ஒளிந்திருக்கிறது.

ஏனென்றால், தண்ணீர் சீட் வரை ஏறிய காரில் காயவைத்துப் போடப்படுவது வயரிங் ஹார்னஸும் கனெக்டர்களும். பல கார்களில் ஏர்பேக் கணினி, கியருக்கு அடியில் தரையோடு ஒட்டி இருக்கிறது. கதவுப் பூட்டு, விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் பெட்டி பெரும்பாலும் டிரைவர் கால்மாட்டுக்கு மேலே, டேஷ்போர்டுக்குள். வெள்ளம் என்றால் மழைத்தண்ணீர் மட்டுமா வந்தது? சாக்கடையும் சேறும் சேர்ந்து வந்தது. செம்புக் கம்பியின் முனையில் பச்சை பூக்க மூன்று மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். பூத்தபின் ஒருநாள் ஏ.பி.எஸ். விளக்கு எரியும், ஒருநாள் கண்ணாடி இறங்காது, ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி அணையும். ஏர்பேக் வேலை செய்கிறதா என்பதை மோதிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இப்படிப்பட்ட காரின் என்ஜின் சுத்தமாக இருந்தாலும், டோட்டல் லாஸ் கேட்டுப் போராடுவதே சரி. ஸ்டார்ட் ஆகிறது என்பதற்காகக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டக் கூடாத கார் அது.

விட்டுவிட வேண்டிய வேறு சில கார்களும் உண்டு. பதினைந்து வயதை நெருங்கியது, அடித்தளம் துருப்பிடித்தது, கியர்பாக்ஸும் சேர்த்து முனகுவது ஆகியவற்றின் மேல் புது என்ஜினை ஏற்றுவது வீண். 2022 ஏப்ரலிலிருந்து பதினைந்து வயது கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க மத்திய அரசு வைத்த கட்டணம் 5,000 ரூபாய், அதோடு எஃப்.சி.க்கு அலைய வேண்டும். டெல்லிக்காரர்களுக்குத் தலைவலி இன்னும் பெரிது: பத்து வயது டீசலுக்கும் பதினைந்து வயது பெட்ரோலுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் அங்கே போட்ட தடையைச் சுற்றி இன்றுவரை சண்டை நடக்கிறது.

பழைய என்ஜினுக்குப் பதில் செகண்ட் என்ஜின் வாங்கிப் போடலாமா என்று கேட்டால், சென்னையில் எல்லா விரலும் புதுப்பேட்டையைக் காட்டும். போடலாம். ஆனால் என்ஜின் எண் ஆர்.சி.யில் பதிவானது. எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கான பில் இல்லாமல் வாங்கினால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எண்ணை மாற்றிப் பதிய முடியாது, அடுத்த எஃப்.சி.யிலோ, காரை விற்கும்போதோ, போலீஸ் சோதனையிலோ பதில் சொல்ல வேண்டி வரும். மலிவு விலைக்குக் காரணம் சில நேரம் திருட்டு.

எந்தச் செலவுக்கும் முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, கம்பெனியின் தப்பா என்பது. 2015-ல் ஹூண்டாய் அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைந்தபோது உதிர்ந்த உலோகத்தூள் சரியாக நீக்கப்படாமல் உள்ளே தங்கி, பேரிங்கைத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் சொந்தக் காசில் என்ஜின் மாற்றியவர்களுக்குப் பணத்தைத் திரும்ப வாங்க வழக்கு வரை போக வேண்டியிருந்தது. இங்கேயும் ரீகால் அறிவிப்புகள் வருகின்றன. சேஸிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் அடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இவ்வளவும் தனிமனிதர் செய்துகொள்ள வேண்டியவை. அரசு செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. டோட்டல் லாஸ் ஆன கார்களைக் கம்பெனிகள் ஏலத்தில் விற்கின்றன. ஏலம் எடுத்தவர் சீட்டைக் கழற்றிக் கழுவி, கார்ப்பெட்டை மாற்றி, வாசனை அடித்து வேறு ஊரில் விற்கிறார். சென்னை வெள்ளத்தில் நின்ற கார், மழையே பார்க்காத ஊரில் “ஒரே ஓனர், டாக்டர் வண்டி” ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட காரின் உரிமைப் பத்திரத்திலேயே வெள்ளச் சேதம் என்று முத்திரை விழும். 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு, இன்சூரன்ஸ் துறையின் மோசடித் தடுப்பு அமைப்பு சேஸிஸ் எண்ணை வைத்து யாரும் இலவசமாகப் பார்க்கும் வசதியைத் திறந்தது. நம் ஆர்.சி.யில் நிறம், எடை, ஹைப்போதிகேஷன் எல்லாம் இருக்கிறது. மூழ்கியதா என்று எழுத இடமில்லை.

வாஹன் தளத்தில் வண்டி எண்ணை அடித்தால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று இப்போதே வருகிறது. டோட்டல் லாஸ் க்ளெய்ம் கொடுத்த தேதி கம்பெனியின் கணினியில் இருக்கிறது. இரண்டையும் இணைத்து ஒரு வரி சேர்க்கப் புதிய சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் போக்குவரத்து அமைச்சகமும் உட்கார்ந்து பேசினால் போதும். அதுவரை, பழைய கார் பார்க்கப் போகிறவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்கட்டும். சுருளுக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தைக் கழுவ விற்பனைக்காரர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அதில் சேற்றுக் கோடு தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அடுத்த காரைப் பார்க்கக் கிளம்பலாம்.